பூ கருகிய மாமரம்

1

ஒரு தோட்டக்கலை இதழுக்குக் கட்டுரை எழுத ஒப்புக்கொண்டதில் தொடங்கியது இது. உள்ளே ஒற்றைக் கொட்டை உள்ள கொட்டைப்பழ மரங்களில் வரும் பூஞ்சை நோய் பற்றி. (பீச், பிளம் மரங்களை நான் கண்ணால் பார்த்ததில்லை. அபிராமபுரத்தில் எனக்குத் தெரிந்த கொட்டைப்பழம் மாம்பழம்தான்.) முதல் பத்தியிலேயே கட்டுரை நின்றுபோனது. கீழ்வீட்டு நஸ்ருன்னிசா கட்டுரைக்குள்ளே வந்துவிட்டாள், அது கதையாகிவிட்டது.

2

‘மறைந்த கணவர் இனாயத் நட்ட மாமரத்தை அவர் நினைவாக நஸ்ருன்னிசா...’

எழுதிய வரியை அவளிடமே வாசித்துக் காட்டினேன்.

“இன்னாக்கா இது? அந்த மனுசன் உள்ள டிவி பாத்துக்கினு கீறாரு, நீ சாவடிச்சிட்டியே!”

(கதைக்கு ஒரு சோகம் வேண்டுமென்று நான்தான் கொன்றேன்.)

“அவரு ஒரு சொம்பு தண்ணி ஊத்தி நான் பாத்ததில்ல. நட்டது நானு. வாடகை வூட்ல ஆணி அடிக்கக்கூட வுடமாட்டாங்க. இது சொந்த வூடு. வந்த ஒடனே குழி தோண்டினேன்.”

என் வரியை அடித்துவிட்டேன்.

3

குடியிருப்புச் சங்கச் செயலாளர் பவுல்சாமியைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. மரம் பூக்கும், பூங்கொத்து கருகும், அவர் கார்மேல் கொட்டும். வருஷா வருஷம் இதேதான். ஒரு காய் நின்றதில்லை.

“சீக்கு புடிச்ச மரம்மா. வெட்டிடலாம்னு மீட்டிங்ல எல்லாரும் சொல்றாங்க.”

“சீக்கு வந்தா வைத்தியம் பாக்கணும் சார். இந்த ஒரு சீசன் வுடுங்க. காய் நிக்கலன்னா நானே ஆள கூட்டியாறேன்.”

அப்படிச் சொன்னபோது அவள் மரத்தை ஒரு கையால் பற்றிக்கொண்டாள். (இதையும் அடிக்கச் சொல்வாள். மாட்டேன்.)

4

கருகிய கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போனாள். ஆந்த்ராக்னோஸ் என்றார்கள். ஈரத்தில் பரவும் பூஞ்சை. காய்ந்த குச்சியிலும் உதிர்ந்த இலையிலும் தங்கி அடுத்த பூவுக்காகக் காத்திருக்குமாம்.

காய்ந்த குச்சிகளையெல்லாம் அறுத்தாள். நெருக்கமான கிளைகளைக் கழித்து, வெயிலும் காற்றும் உள்ளே போக வழி செய்தாள். சருகை அன்றன்றைக்கே கூட்டி அள்ளினாள். மொட்டு விடும் முன்பு, துப்பட்டாவால் முகத்தைக் கட்டிக்கொண்டு தாமிர மருந்து தெளித்தாள்.

பூ விரிந்தது. தை மாதத்தில் வரக்கூடாத மழையும் வந்தது. தெருப்பக்கக் கொத்துகள் கறுத்தன.

“மறுபடி மருந்து அடிச்சிடலாமா?” என்றேன்.

“விரிஞ்ச பூல அடிச்சா தேனீ செத்துப்பூடும்க்கா. அப்பால காய் எப்டி நிக்கும்?”

கறுத்ததை மட்டும் வெட்டியெடுத்தாள். அன்று அவள் சாப்பிடவேயில்லை என்று இனாயத் பாய் மாடியேறி வந்து சொன்னார்.

5

முடிவு ஒன்று: மரம் கொள்ளாமல் காய்த்து... (பொய்.)

இன்னொன்று: ரம்பத்தோடு இரண்டு பேர்... (கை வரவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். வீட்டுப்பக்கக் கிளைகளில் மட்டும் பட்டாணி அளவில் பிஞ்சுகள் நிற்கின்றன. இன்று காலை பவுல்சாமி வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

“இதெல்லாம் காய்க் கணக்குல வருமாம்மா?”

“வரும் சார். கார கொஞ்சம் நவுத்துங்க, பூ முடிஞ்சிடுச்சி, இப்ப மருந்து அடிக்கணும்.”

நகர்த்தினார்.

பிஞ்சு முற்றுமா, சங்கம் ஒப்புமா, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை. ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டுமென்று கீழேயிருந்து கத்துகிறாள்.