மெழுகுவர்த்தியின் உயரம்

மகனின் இடுப்பை இரண்டு கைகளாலும் வளைத்துப் பிடித்து, கற்படியில் குதிகாலை ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்தாள் ஒதில். பாஸ்கலுக்கு இருபத்திரண்டு வயது. நிறைந்த திராட்சைக் கூடையை ஒரே மூச்சில் முதுகில் ஏற்றுகிறவன். அவளையும் இழுத்துக்கொண்டே இன்னொரு படி இறங்கிவிட்டான். கீழறைத் தரையில், பெரிய தொட்டிகளுக்கு நடுவே, அவன் அப்பா ரெமோன் குப்புறக் கிடந்தார்.

"விடும்மா. மெழுகுவர்த்தி எரியுது பாரு. காத்து இருக்கு."

"அது எரியறது மேல. அப்பா கிடக்கறது கீழ."

சுவரில் குடைந்த மாடத்தில், ஆள் நெஞ்சு உயரத்தில், அந்தச் சுடர் ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது. எங்கள் சோமூர்ப் பக்கம் பாறையைக் குடைந்து கிடங்கு வைத்திருக்கிற எவருக்கும் இது தெரியும். அறுவடை முடிந்து தொட்டிகளில் சாறு பொங்கும் நாட்களில் அதிலிருந்து கிளம்பும் வாயு ஆளைக் கொல்லும்; காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல், மழைத்தண்ணீர் மாதிரி பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் மெழுகுவர்த்தியை முதலில் தரையோடு தரையாக நீட்டிப் பார்ப்போம். அணைந்தால் யாரும் இறங்குவதில்லை.

ரெமோன் ஆயுள் முழுக்க அப்படித்தான் செய்தார். அன்று விருந்தாளிகள் வந்திருந்தார்கள். கடலோரத்தில் ஒரு வாரம் குளித்துவிட்டு, லுவார் ஆற்றை ஒட்டிக் கோட்டை கோட்டையாகப் பார்த்துக்கொண்டு வரும் கணவனும் மனைவியும். காலையில் சோமூர்க் கோட்டை, மத்தியானம் எங்கள் ஒயின். கேட்க ஆள் கிடைத்தால் ரெமோனைக் கையில் பிடிக்க முடியாது. கல்லின் வெண்மை அவர்களுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று பாதிப்படியில் நின்றபடியே மெழுகுவர்த்தியை எட்டி மாடத்தில் வைத்தார். அழகுக்காக வைத்த விளக்கு. அதுவே சோதித்துப் பார்த்ததாகவும் ஆயிற்று என்று அந்த மனுஷன் மனசு எப்படிக் கணக்குப் போட்டதோ தெரியவில்லை.

அந்த அம்மாள் எட்டிப் பார்த்தபோது தோளிலிருந்த பட்டுச் சால்வை நழுவிக் கீழே விழுந்தது. மதாமின் சால்வைக்கும் எங்கள் ஒயின் மேல் ஆசை வந்துவிட்டது என்று கேலி பேசிக்கொண்டே ரெமோன் இறங்கினார். குனிந்தார். நிமிரவில்லை.

அந்த அம்மாள் அலறியதைக் கேட்டுத்தான் ஒதிலும் பாஸ்கலும் ஓடிவந்தார்கள். விருந்தாளி தீயணைப்புக்காரர்களுக்குத் தொலைபேசி செய்ய வீட்டுக்கு ஓடினார். அந்த அம்மாளும் பின்னாலேயே ஓடினாள். கிடங்கில் தாயும் மகனும் மட்டும் நின்றார்கள்.

ஒதில் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவள் ஊரில் இப்படி ஒரு கிடங்கில் விழுந்த அண்ணனைத் தூக்க இறங்கிய தம்பியும் திரும்பவில்லை. இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றியதை அவள் பார்த்திருக்கிறாள். பாஸ்கல் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். பிரித்த விரலை அவள் மறுபடி இறுக்கினாள்.

அப்போதுதான் கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. தூங்குகிறவர் விடும் குறட்டை போல ஒன்று. சற்று நிறுத்தி, இன்னொன்று.

பாஸ்கல் அசையாமல் நின்றான். பிறகு முழு பலத்தோடு முன்னால் பாய்ந்தான். ஒதில் முகத்தை அவன் முதுகில் புதைத்துக்கொண்டு, மொத்த எடையையும் போட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அவனும் அவள்மேல் விழுந்தான். மூன்றாவது சத்தம் வரவில்லை.

முகமூடி போட்ட தீயணைப்புக்காரர்கள் வந்து ரெமோனைத் தூக்கினார்கள். சால்வை அவர் கைக்குள் இருந்தது.

அதற்குப் பிறகு பாஸ்கல் அம்மாவிடம் பேசவில்லை. பங்காளி கஸ்தோன் வந்து, ஒதில் மட்டும் கெட்டியாகப் பிடித்திருக்காவிட்டால் இரண்டு சவப்பெட்டி செய்திருக்க வேண்டும் என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். பாஸ்கல் எழுந்து வெளியே போனான். சாவு வீடு என்று தொட்டிகள் காத்திருக்குமா? கதவுகளை அகலத் திறந்து, காற்றாடி வைத்து, அவனும் கஸ்தோனும் வேலை பார்த்தார்கள். சமையலறையில் ரொட்டி அறுக்கும்போது கிடங்கில் வாளிச் சத்தம் கொஞ்சம் நின்றால் ஒதிலின் கத்தியும் நின்றது. அவன் செத்துவிடுவானோ என்று பயந்தாள். உயிரோடு இருந்தும் இனி அவளுக்கு இல்லாமல் போய்விடுவானோ என்று அதைவிடப் பயந்தாள்.

அடக்கத்தன்று காலை கோயில் மணி அடிக்கத் தொடங்கியபோது, கறுப்புக் கழுத்துப்பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பாஸ்கல் அவள் அறை வாசலில் வந்து நின்றான். முடிச்சுப் போட அவனுக்கு வராது. எப்போதும் அப்பாதான் போட்டுவிடுவார்.

அவள் எழுந்து போய்ப் பட்டையை வாங்கினாள். அவன் சட்டையை இன்னும் கால்சட்டைக்குள் விடவில்லை. காலரை நிமிர்த்த அவன் கையைத் தூக்கியபோது விலாவுக்குக் கீழே அவள் விரல்கள் பதிந்த இடங்கள் கன்றிப்போய் நீலமாகத் தெரிந்தன. அவள் சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"அம்மா."

"சொல்லுப்பா."

"அந்தச் சத்தம் உனக்கும் கேட்டுச்சா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் போதும், அவன் கோபம் ஆறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"கேட்டுச்சு" என்றாள்.

அவன் அவளையே பார்த்தான். வெளியே கஸ்தோன் வண்டிக் கதவைத் திறக்கும் சத்தம் வந்தது. அவள் கைகள் பட்டையோடு அந்தரத்தில் நின்றன.

முடிச்சுப் போட வசதியாகப் பாஸ்கல் முகவாயைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தான்.