வெட்டாத வெயிஸ்கோட்டு

முள்ளிவாய்க்கால் யூலிற்றாவின் பெட்டியில் ஒரு வெள்ளைப் பட்டுத்துணி இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் துரை ஒருவர் கோட்டுக்குள் போடும் கையில்லாத வெயிஸ்கோட்டுக்காக, அவளுடைய தாய்வழி முப்பாட்டன் ஒருவர் பூவேலை செய்த துணி. முன்பக்கத்து இரண்டு பாகங்கள், பைமூடிகள், பன்னிரண்டு பொத்தான் வட்டங்கள், எல்லாவற்றுக்கும் பூவேலையை அந்த ஒரே துணியிலேயே முடித்திருந்தார். வெட்டி இணைப்பதுதான் மிச்சம். அதற்குள் துரை கப்பலேறிவிட்டார். இருநூறு வருஷமாக யாரும் அதில் கத்தரி வைக்கவில்லை.

கன்னியர் மடத்தில் தையல் பழகிய யூலிற்றா, ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தோராம் ஆண்டுத் தவக்காலம் முழுவதும் அந்தப் பூக்களை எண்ணெய்த்தாளில் படியெடுத்தாள். ரோசாவும் மாதுளம்பூவும் துரை கேட்டவையாக இருக்கும். வலப்பக்கப் பைக்குக் கீழே ஒரு பூவரசம்பூ இருந்தது. அதை எந்தத் துரையும் கேட்டிருக்கமாட்டார். முப்பாட்டன் தன் வீட்டு வளவில் கண்டதை வைத்திருக்கிறார் என்று அவளுக்குப் பட்டது. இடப்பக்கத்தைப் படியெடுத்து முடித்திருந்தாள். வலப்பக்கம் தொடவேயில்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம் பெட்டியைத் திறந்தால் துணியைக் காணவில்லை. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த புருஷன் சூசைப்பிள்ளை, ராசா உடுப்புக்கென்று கூத்துப் பழக்கும் அண்ணாவியார் கேட்டார், கொடுத்துவிட்டேன் என்றான். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அவள் கோயில் முற்றத்துக்கு நடந்தாள். அங்கே கூத்துக்காரர் உடுப்புப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராசா வேஷம் அண்ணாவியார் கிறிஸ்தோப்பருக்குத்தான். அகன்ற நெஞ்சுக்குப் பட்டுப் போதாமல் இரண்டு பக்கமும் சிவப்புச் சாட்டின் ஒட்டுப் போட்டிருந்தது. பொத்தான் வட்டங்கள் ராசமுடியில் ஒட்டியிருந்தன. பூவரசம்பூவில் பாதியைக் கத்தரி தின்றிருந்தது. மிச்சப் பாதியின்மேல் கண்ணாடித் துண்டுகள்.

“பெட்டிக்கை கிடந்து இத்துப்போற துணி பிள்ளை, சபையில துலங்கட்டுமெண்டுதான்,” என்றார் அவர்.

யூலிற்றா பக்கத்தில் கிடந்த கத்தரியை எடுத்தாள்.

“நீங்கள் கழட்டுறியளோ, நான் வெட்டிக் கழட்டவோ?”

கிறிஸ்தோப்பர் அவள் முகத்தைப் பார்த்தார். கழற்றிக் கொடுத்தார். முடியிலிருந்த வட்டங்களை அவளே உரித்தாள். ஒன்பதுதான் கிடைத்தன.

ஊருக்கு முன்னால் தன் சொல்லுக்கு மதிப்பில்லாமல் ஆக்கிவிட்டாள் என்று சூசைப்பிள்ளை வீட்டில் குதித்தான்.

“உங்கட வலையை நான் கேளாமல் ஆருக்கும் தூக்கிக் குடுத்தனானோ?” என்று கேட்டாள்.

பிறகு ஒரு மாதம் அவனுக்குச் சோறு போட்டாள், கதைக்கவில்லை.

கண்ணாடிகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்த நாட்களில் கோபம் தணியவில்லை, கூடியது. தையல் எங்கெல்லாம் கிழிந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. பூவரசம்பூவின் இருந்த பாதியைப் படியெடுத்தாள். மற்றப் பாதியையும் தாளில் நீயே கீறிவிடு, இரண்டும் ஒன்றுதானே என்றாள் அயல்வீட்டுப் புனிதம். அது என் பூவாகிவிடும், அவருடையதாகாது என்று யூலிற்றா தாளை வெறுமையாகவே விட்டாள்.

அடுத்த வருஷம் ராசா உடுப்பில் பூத்தைக்கச் சொல்லி அண்ணாவியார் கறுப்பு வெல்வெட் அனுப்பினார். சூசைப்பிள்ளை அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் நின்றான்.

“என்ன சொல்ல?”

“தைக்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ.”

அவன் போய் அப்படியே சொன்னான்.