மணிக்காரன் என்ன ஆனான்

அந்த வீட்டில் சண்டைக்கு ஒரு சட்டம் இருந்தது. தோற்றவர், ஜெயித்தவருடைய புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் சத்தமாகப் படிக்க வேண்டும். அவருக்குச் சரித்திரம், அவளுக்குக் கவிதை. கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்தது இது. ஆரம்பித்தது யார் என்பதில் ஒரு சண்டை இன்னும் பாக்கி இருக்கிறது.

அவர் ரயில் நிலையத்தில் வண்டி வருவதையும் போவதையும் அறிவித்து ஓய்வு பெற்றவர். தெருவில் பேர் சொன்னால் யாருக்கும் தெரியாது, 'மைக்' என்றால் வீட்டைக் காட்டிவிடுவார்கள். தோற்றுப்போய்க் கவிதை படிக்கும்போதும் அதே குரல்தான். அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

"நிலா வருதுன்னு சொல்றீங்களா, இல்ல ரெண்டாவது பிளாட்பாரத்துக்கு வருதுன்னு சொல்றீங்களா?"

அவள் மட்டும் என்ன வாழ்ந்தது? சரித்திரத்தைப் படிக்கச் சொன்னால் மருந்து குடிக்கிற குழந்தை மாதிரி மூக்கைச் சுளித்துக்கொண்டு மூச்சுவிடாமல் ஓட்டுவாள். அதிலும் வரி விதிப்பு அத்தியாயம் என்றால் கொட்டாவி நிச்சயம். "செத்தவங்களுக்கு வருகைப் பதிவு எடுக்கிறதுக்குப் பேரு சரித்திரமா?" என்பாள். விடாக்கண்டனுக்குக் கொடாக்கண்டி.

அவளுடையது கண்ணாடிக் கடை. கிட்டப் பார்வை சோதிக்கிற அட்டையில் எல்லாரும் வெறும் எழுத்துகளைப் போட்டுவைப்பார்கள். அவள் தனக்குப் பிடித்த கவிதையை அச்சடித்து வைத்திருந்தாள். மேலே பெரிய எழுத்தில் தொடங்கி, கீழே போகப் போகப் பொடியாகும். கடைசி வரி: 'ஆற்றைக் கடந்தவன் திரும்பிப் பார்க்கிறான். ஆறு பார்க்கவில்லை.'

"அம்மா, எழுத்து தெரியுது, ஆனா புரியலையே" என்பார்கள் வருகிறவர்கள்.

"தெரிஞ்சா போதும். புரியறதுக்கு நான் கண்ணாடி விக்கலை."

கடைசியாக வந்த சண்டை ஒரு மணிக்காரனால் வந்தது. அவர் சின்ன வயதிலிருந்து திரும்பத் திரும்பப் படிக்கிற சரித்திரம் ஒன்று உண்டு, எப்போதோ அழிந்துபோன ஒரு நகரத்தைப் பற்றியது. எதிரிகள் கோட்டையைச் சூழ்ந்த இரவைப் பற்றி அதில் ஒரு வரி வரும்: 'கோபுரத்து மணிக்காரன் விடியும்வரை மணியடித்து மக்களை எச்சரித்தான், விடிந்தபோது நகரம் வீழ்ந்திருந்தது.' அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில் புதிய ராஜாவின் வரி விதிப்பு. மணிக்காரன் போன இடம் தெரியாது.

அன்று காலை காபி ஆறிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ அந்தப் பேச்சு வந்துவிட்டது.

"ராத்திரி பூரா மணியடிச்சானே, அவன் என்ன ஆனான்? அதைச் சொல்ல உங்க சரித்திரக்காரனுக்கு வாய் வரலையா?"

"ஆதாரம் இருந்தா சொல்லியிருப்பான். ஆதாரம் இல்லாததை எழுதினா அது சரித்திரமில்ல, உன் கவிதை."

"ஓஹோ! நீங்க ஆயுசு பூரா மைக்குல கத்தினீங்களே, அதுக்கு எந்த ஆதாரம் இருக்கு? நாளைக்கு உங்களையும் யாரும் கேக்க மாட்டாங்க, பாத்துக்கோங்க."

அவருக்குச் சுருக்கென்றது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். யார் தோற்றது என்று முடிவாகவில்லை, யாரும் படிக்கவுமில்லை. அன்று மத்தியானமே அவள் கடையில், ஒருவருக்குக் கண்ணாடியை மூக்கில் பொருத்திக்கொண்டிருந்தபோதே, சரிந்து விழுந்தாள்.

பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லை. வலது கை கொஞ்சம் கொஞ்சமாக அசைந்தது, சொல்வதெல்லாம் புரிந்தது, ஆனால் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. முதல் சில மாதங்களில் பேச்சு திரும்பினால் உண்டு, தள்ளிப் போகப் போகக் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதங்கள் போய்க்கொண்டிருந்தன. நாள் பூரா வாயாடிய மனுஷி சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டின் அமைதி அவருக்குப் பயமாக இருந்தது.

ஆகவே அவர் தோற்றுப்போனார். தினமும், தானாகவே. கவிதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, இழைய வேண்டிய இடத்தில் இழைந்து படித்தார். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை வேறு! சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே படித்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் இதைச் சில நாள் கவனித்தாள். ஒரு நாள் வாசலில் செருப்பை மாட்டும்போது கேட்டாள்.

"சார், ரெண்டு பேரும் தினம் சண்டை போடுவோம்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா."

"இப்ப எல்லாத்துக்கும் நீங்களே தோத்துட்டா, அவங்க எதுக்கு வாயைத் திறக்கணும்?"

அவர் அன்று சாப்பிடவில்லை. சாயங்காலம் அலமாரியிலிருந்து சரித்திரத்தை இறக்கினார். எந்தப் பக்கம் என்று தேட வேண்டியிருக்கவில்லை. மணிக்காரன் வருகிற பக்கம். அதைச் சொல்லித்தானே அவள் கடைசியாகப் பேசினாள்? அது அவளை இன்னும் நோகடித்தால்? இருந்தாலும் உட்கார்ந்தார், தொண்டையைச் செருமினார், பழைய மைக் குரலிலேயே ஆரம்பித்தார்.

கோட்டையைச் சூழ்ந்தார்கள். அவள் சன்னலைப் பார்த்தாள். தண்ணீர் வருகிற வழியை அடைத்தார்கள். அவள் திரும்பவில்லை. மணிக்காரன் விடியும்வரை மணியடித்தான், நகரம் வீழ்ந்தது. அவர் வேண்டுமென்றே நிறுத்தாமல் பக்கத்தைப் புரட்டி, "வரி விதிப்பு" என்றார்.

இடது கை வந்து புத்தகத்தின்மேல் பட்டென்று விழுந்தது.

அவள் முகம் சிவந்திருந்தது. கோபமேதான், அவருக்குத் தெரியாத கோபமா? உதடு கோணிக்கொண்டு எதையோ தேடியது.

"ம… மணி…"

"சொல்லு."

"மணிக்… காரன்." எச்சில் வழிந்தது. அவர் துடைக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். "என்ன… ஆனான்?"

ஆதாரம் இல்லை என்பதுதான் அவர் ஆயுள் முழுக்கச் சொல்லிவந்த பதில். அது நாக்கு நுனிவரை வந்தது. அவர் புத்தகத்தை மூடினார்.

"வீட்டுக்குப் போனான்" என்றார். இது மைக் குரல் இல்லை. "இறங்கி, சந்துவழியா வீட்டுக்குப் போனான். காது ரெண்டும் அடைச்சுப்போச்சு. பொண்டாட்டி கதவைத் திறந்து என்னமோ திட்டினா. அவனுக்கு ஒண்ணுமே கேக்கலை. அவ வாயையே பாத்துக்கிட்டு நின்னான். திரும்பத் திட்டும்மா, திரும்பத் திட்டும்மான்னு கெஞ்சினான்."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

அவள் இடது கையால் அவர் முழங்காலைத் தட்டினாள்.

"பொய்" என்றாள்.

"பொய்தான். ஒத்துக்கறேன், நான் தோத்துட்டேன்" என்று கவிதைப் புத்தகத்துக்குக் கையை நீட்டினார்.

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். கவிதைப் புத்தகத்தை இடது கையால் ஒதுக்கித் தள்ளினாள். அவர் மடியிலிருந்த சரித்திரத்தைத் தன் பக்கம் இழுத்தாள். அது கனமான புத்தகம், பாதி வழியில் நின்றுவிட்டது. அவர் தூக்கிக் கொடுக்கப் போனார், அவள் முறைத்தாள். தானே இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தானே திறந்து, பக்கத்தைத் தேடி, விரலை வைத்தாள்.

தோற்றவர்தான் படிக்க வேண்டும். அதுதான் சட்டம்.

"வ… வரி" என்று படித்தாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "வி… திப்பு."

அந்தப் புத்தகம் முழுக்கத் தேடினாலும் அவளுக்கு அதைவிடப் பிடிக்காத அத்தியாயம் கிடையாது.