படிக்கட்டுக்கு அடியில் இருந்த பெயர்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் எங்கள் ஊர் சிறியது. ஏப்ரலில் அசேலியா பூக்கும்போது பழைய மாளிகைகளைத் திறந்துவிட்டுத் திருவிழா நடத்துவோம். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற என்னை, விழாத் தலைவி கொரீன் டால்பர்ட் அம்மாள் ப்ரூயிட் மாளிகைக்கு வழிகாட்டியாகத் தேர்ந்தெடுத்தபோது கால் தரையில் பாவவில்லை. பெரிய வீட்டுப் பெண்களோடு நானும் விழாவுக்கென்று கொடுத்த, குடைபோல் விரிந்த அந்தக் காலத்துப் பட்டுப் பாவாடையில் நின்றேன்.

அந்த மாளிகையின் பெருமையே வளைந்தேறும் படிக்கட்டுதான். தாங்க ஒரு தூண் கிடையாது. பிரான்சிலிருந்து வந்த தச்சர் செய்தது என்று சொல்வது வழக்கம். பிப்ரவரியில் பெயிண்டர் அதன் அடிப்பக்கத்தைச் சுரண்டியபோது எழுத்து தெரிந்தது: ‘ஆன்சன் செய்தது, 1851.’ ஆன்சன் என்ற பெயர் ப்ரூயிட் குடும்பத்தின் அடிமைப் பட்டியலில் இருந்தது.

“மேலேயே பெயிண்ட் அடிச்சிடுங்க. ஜனங்க சந்தோஷமா இருக்க வர்றாங்க,” என்றார் கொரீன். பக்கத்தில் நின்ற நான் தலையாட்டினேன்.

விழாவின் முதல் சனிக்கிழமை ஓடெல் கிரீர் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். பத்தொன்பது வருடமாக என்னோடு பேருந்து ஓட்டுபவர், கறுப்பினத்தவர். டெட்ராய்ட்டிலிருந்து வந்திருந்த எழுபத்தெட்டு வயது அக்கா அவர் கையைப் பிடித்திருந்தார்.

“மிஸ் வெர்னா, இதை எங்க கொள்ளுத்தாத்தாவோட அப்பா ஆன்சன் செஞ்சாருன்னு வீட்டுல சொல்லுவாங்க. ஏதாவது ஆதாரம் இருக்கா?”

கூட்டத்துக்குப் பின்னால் கொரீன் நின்றிருந்தார்.

“அப்படி எதுவும் இல்லீங்க. பிரெஞ்சுத் தச்சர் ஒருத்தர் செஞ்சது,” என்றேன்.

“அந்தப் பிரெஞ்சுக்காரனுக்குப் பேர் கிடையாதாம்மா?” என்று அக்கா கேட்டார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

திங்கட்கிழமை பேருந்துக் கொட்டகையில் ஓடெலிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெரியுங்க. பெயிண்ட் அடிச்சவன் என் மச்சான்,” என்றார். “‘வெர்னா வாயில பொய் வராது, நீ வேணா பாரு’ன்னு அக்காகிட்ட சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்.”

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை என் குழுவைப் படிக்கட்டுக்கு அடியில் கூட்டிப்போனேன். கையோடு கொண்டுபோயிருந்த சுரண்டியால் பெயிண்டைச் சுரண்டினேன். பட்டெல்லாம் வெள்ளைத் தூள். பெயர் முழுதும் வெளியே வந்ததும், “இவர்தான் செஞ்சார். போன வாரம் நான் பொய் சொன்னேன்,” என்றேன். ஒருவர் கைதட்டினார். இன்னொருவர் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டார். அன்று மாலையே கொரீன் பாவாடையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனாலும் பத்து பேர் படம் பிடித்துவிட்டார்கள், பெயரை மறுபடி மூட அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

ஓடெலிடம் ஓடினேன். “அக்காவ கூட்டிட்டு வாங்க. இப்ப பேர் நல்லாத் தெரியுது.”

“அக்கா புதன்கிழமையே ஊருக்குப் போயிட்டா. அந்த முட்டிய வெச்சுக்கிட்டு இன்னொரு தடவை வரமாட்டா.”

நான் எடுத்திருந்த படத்தை நீட்டினேன். “நன்றிங்க” என்று வாங்கியவர், பார்க்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியேறினார்.