மூன்றாவது படிகம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனி. அங்கே மஹ்பூபா படிகம் வளர்க்கிறாள். பார்த்தால் கண்ணாடிக்கட்டி மாதிரிதான் இருக்கும். ஆனால் நோயாளியின் உடம்பிலிருந்து வரும் கதிர் பட்டால் மினுக்கென்று ஒளிரும். அந்த மினுக்கை வைத்துத்தான் ஸ்கேன் மிஷின் நோய் இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. அதற்கென்றே உள்ள ஒரு வகை உப்பை உலையில் உருக்கி, மெல்ல உறையவைத்து, அப்புறம் நாள்கணக்கில் சூட்டை இறக்க வேண்டும். சடாரென்று இறங்கினால் வெடித்துவிடும்.

ஏற்கெனவே இரண்டு வெடித்தாயிற்று. "இதுவும் போச்சுன்னா உலைய வித்துர்றேன்மா" என்று முதலாளி ஞானசேகரன் சொல்லிவிட்டார். உலை போனால் அவள் வேலையும் போச்சு. இந்த மூன்றாவது நல்லபடியாக உறைந்து, சூடு இறங்கிக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜை விடுமுறை. ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாமென்று காலையில் வந்தவள் ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டாள். உலையின் விசிறிச் சத்தம் இல்லை. உலைக்குச் சந்தனம், குங்குமம். 'தொடாதே' என்று அவள் ஒட்டியிருந்த சுவிட்சுக்கு மேல் ஒரு சாமந்திப் பூ.

போன மாதம் சேர்ந்த வாட்ச்மேன் வேம்புலி பொரிப் பொட்டலத்தோடு வந்தார்.

"கரண்ட் இன்னாச்சுண்ணே?"

"நான்தான் பாயம்மா மெயின எறக்கினேன். இன்னிக்கு மிஷினுங்கோ ஓயணுமே. முன்ன பாடில வேல பாத்த கம்பெனில வருசாவருசம் இப்டித்தான். ஜெனரேட்டருக்கும் மாலை போட்டு நிறுத்திட்டேன். நீ எழுதி வச்ச சுச்ச நான் தொடவே இல்ல."

"எப்போ எறக்குன?"

"விடியக்காத்தாலயே."

ஓடிப்போய் மெயினைப் போட்டாள். சூட்டைக் காட்டும் எண் எரிந்தது. இருக்க வேண்டியதற்கு வெகு கீழே. சூட்டை ஏற்றும் பட்டனுக்குப் போன விரல் பாதியில் நின்றது. ஏற்றினால் அந்தச் சூட்டிலேயே விரிசல் விடும். மூடியைத் திறந்தால் காற்று பட்டே போய்விடும். இருக்கிற சூட்டிலேயே நிறுத்திவைத்தாள். சூடு முழுக்க இறங்கித் திறக்கும் வரை, உள்ளே இருப்பது முழுசா துண்டா என்று யாராலும் சொல்ல முடியாது.

"மூஞ்சே சரியில்லியே. தப்பா எதுனா பண்ட்டனா?" என்றார் வேம்புலி. "மத்ததுக்கெல்லாம் எலுமிச்சம்பழந்தான். இதுக்கு மட்டும் பூசணிக்காய் ஒடச்சேன். நீ இத கொழந்த மாரி பாத்துகினு கீறியேன்னு."

திட்டத்தான் வாயெடுத்தாள்.

உலைக்குள் 'டிக்' என்றது. தம்ளரை நகத்தால் சுண்டியதுபோல.

"இன்னா சத்தம் அது?"

மஹ்பூபா பொரியை வாங்கிக்கொண்டாள். "ஒன்னுமில்லண்ணே. தகடு சூடு வாங்குது."

"அதானே பாத்தேன்" என்று அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். மறுபடி அந்தச் சத்தம் வருகிறதா என்று, அவள் வாயில் போட்ட பொரியை மெல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.