எஸ்டில் ஸ்டேசி இறங்காத சுரங்கம்

எஸ்டில் ஸ்டேசியின் புளூகிராஸ் என்னும் மலைநாட்டு இசைக்குழுவில் இருபத்திரண்டு வருடம் ஆளுயரப் பேஸ் வாசித்தவன் நான். அவனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லச் சொன்னால், தொப்பியைத் தூசி படாமல் வைத்துக்கொள்வான் என்று சொல்வேன். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

எங்கள் இசையில் பேஸ் வாசிப்பவன்தான் கோமாளி. பான்ஜோக்காரனுக்கும் ஃபிடில்காரனுக்கும் கை ஓய்வதில்லை, பேஸ்காரன் பாதி நேரம் சும்மாதானே நிற்கிறான் என்று எந்தக் காலத்திலோ எவனோ முடிவு செய்துவிட்டான். அதனால் முன்பல்லில் கறுப்பு மெழுகு, இரண்டு பேர் நுழையக்கூடிய கால்சட்டை, 'பிக்கிள்ஸ்' என்று ஒரு பெயர். அம்மா வைத்த ஹோபர்ட் என்ற பெயர் மேடைக்குக் கீழே மட்டும்தான். எஸ்டில் ஏதாவது கேட்பான், நான் அசட்டுத்தனமாகப் பதில் சொல்வேன், கூட்டம் சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும் அவன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொள்வான். குரல் தழதழக்கும்.

"பதினோரு வருஷம் கரி வெட்டினேங்க. ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் சூரியனப் பாத்தேன்."

பிறகு சுரங்கப் பாட்டு. பெண்கள் கைக்குட்டையை எடுப்பார்கள்.

மேடையில் ஒரே மைக்தான் இருக்கவேண்டும் என்பான். அதுதான் பழைய முறையாம். வாசிக்க முறை வந்தவன் முன்னால் வந்து வாசித்துவிட்டு விலகவேண்டும். நாங்கள் எல்லோரும் விலகுவோம். எஸ்டில் மட்டும் இம்மியும் நகரமாட்டான். ஃபிடில்காரன் அவன் தோளுக்கு மேலாக வில்லை ஓட்டிக்கொண்டு வாசிக்கவேண்டியதுதான்.

கரி வெட்டியது அவன் தம்பி ஆர்லிஸ். அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. வயது போதாது என்று அண்ணனுடைய காகிதங்களைக் காட்டி வேலைக்குச் சேர்ந்தான். எங்கள் கிழக்குக் கென்டக்கியில் நாய்ப்பொந்து என்போமே, அந்த மாதிரிச் சின்னச் சுரங்கம். உயரம் முப்பது அங்குலம். காலையில் மண்டியிட்டு நுழைந்தால் மாலையில்தான் முதுகு நிமிரும். அந்தப் பதினோரு வருடமும் சம்பளச் சீட்டில் இருந்த பெயர் எஸ்டில் ஸ்டேசி. அசல் எஸ்டில் ஸ்டேசி அப்போது நகரத்து ரேடியோ நிலையத்தில், விடியற்காலையில், கோழித்தீவன விளம்பரங்களுக்கு நடுவே மாண்டலின் தட்டிக்கொண்டிருந்தான்.

அப்புறம் ஆர்லிஸும் குழுவுக்கு வந்தான். அண்ணன் பாட்டுக்கு மேலே ஏறிப் பாடுவது அவன்தான். எங்கள் ரெக்கார்டுகளில் முதுகுத்தண்டைச் சிலிர்க்கவைக்கும் அந்த உச்சக்குரல் அவனுடையது. 1975இல் ஒரு பள்ளிக்கூட மேடையில் பாதிப் பாட்டில் மூச்சு அறுந்தது. அதோடு சரி.

நுரையீரல் முழுக்கக் கரி. இப்படிப்பட்டவர்களுக்கு அரசாங்கம் ஓர் அட்டை தருகிறது. அது இருந்தால் டாக்டரும் ஆக்சிஜனும் சாகும்வரை கிடைக்கும். ஆர்லிஸ் மனுப் போட்டான். காகிதத்தைப் புரட்டிப் பார்த்தால், அவன் ஒருநாள்கூடச் சுரங்கத்தில் வேலை செய்யவில்லை! வேலை செய்தவன் எஸ்டில். பொந்தின் முதலாளி செத்தாயிற்று, கூட ஊர்ந்தவர்களும் போய்விட்டார்கள். நான் வேறு ஊர்க்காரன், எல்லாம் முடிந்தபிறகு வந்தவன். நான் காதால் கேட்டதை விசாரணையில் யார் எடுத்துக்கொள்வார்கள்? ஆர்லிஸ் மூச்சு விடுவதா வேண்டாமா என்பது உலகத்தில் ஒரே ஒருவன் கையெழுத்தில் வந்து நின்றது.

1979 ஜூலை. மனு மீதான விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமைதான் எங்கள் மாவட்டத் திருவிழாவில் எஸ்டிலுக்குப் பித்தளைத் தகடு திறக்கிறார்கள். 'சுரங்கத்தின் குரல்' என்று பொறித்திருந்தார்கள்.

வியாழக்கிழமை அவனை ஆர்லிஸ் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஆர்லிஸின் மனைவி வெர்டி பீன்ஸும் சோளரொட்டியும் வைத்தாள். இரண்டாவது தட்டும் காலியானபிறகு காகிதத்தை அவன்முன் வைத்தாள். வக்கீல் எழுதிக் கொடுத்தது, மூன்றே வரி. அந்த வருடங்களில் உழைத்தது என் தம்பி, நான் சுரங்கத்தில் இறங்கியதே இல்லை.

எஸ்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தான். ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டான்.

"இறங்கினதே இல்லன்னா எழுதணும்? அப்பப்போ இறங்கினேன்னு எழுதக்கூடாதா?"

"எத்தன தடவ மாமா இறங்குனீங்க?" என்றாள் வெர்டி.

"வாசல் வரைக்கும் வந்திருக்கேன். இவனுக்குச் சோத்து வாளி கொண்டாந்து குடுத்தேன்."

"அது நான்" என்றாள் வெர்டி. "அப்போ எனக்குப் பதினாலு வயசு. நீங்க அந்தப் பக்கமே வந்ததில்ல."

ஆர்லிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். ஒரு வாக்கியத்துக்கு மூன்று மூச்சு வேண்டும் அவனுக்கு. "விடு வெர்டி. அண்ணே... சனிக்கிழமை... முடியட்டும்."

"பாத்தியா, அவனுக்குப் புரியுது!" எஸ்டில் எழுந்தே விட்டான். "தகடு திறக்கிற அன்னிக்கு இது வெளிய வந்தா ஜனங்க என்ன நினைப்பாங்க? அவங்களுக்கு நான் செய்யற துரோகம் இல்லையா அது?"

துரோகமாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தொப்பியை மிதித்திருப்பேன். மிதிக்கவில்லை. காரை நான்தான் ஓட்டினேன், அவன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "நாளைக்குப் பாக்கலாம் எஸ்டில்" என்றும் சொன்னேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

ஆனால் அன்று படுக்கப் போகும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஐயாயிரம் பேருக்கு முன்னால், மைக்கில் சொல்லிவிட்டால் அவன் எப்படி மறுப்பான்? மறுத்தால் முகம் காட்டிக்கொடுக்கும். ஒத்துக்கொண்டால் கையெழுத்து தானாக வரும். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. மேய்ச்சல் நிலம் முழுக்க மடக்கு நாற்காலிகள். முன்வரிசையில் ஆர்லிஸ், மூக்கில் குழாய். சர்ச் சபைக்காரர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த சிலிண்டர் காலடியில். அது தீர்ந்தால் அடுத்தது எங்கிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. தகடு திறந்தார்கள். எஸ்டில் தொப்பியைக் கழற்றினான்.

"பதினோரு வருஷம் கரி வெட்டினேங்க..."

பேஸைக் கீழே சாய்த்துவிட்டு மைக்குக்கு முன்னால் போனேன்.

"எஸ்டில், பொய் சொல்லாத. கரி வெட்டினது உன் தம்பி ஆர்லிஸ். நீ ரேடியோவுல கோழித்தீவனம் வித்துக்கிட்டு இருந்தே."

அந்த மேய்ச்சல் நிலமே வெடித்தது. தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். எஸ்டிலின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன், ஆனால் சிரிப்பைக் கேட்டதும் ரத்தம் திரும்பிவிட்டது. என்ன இருந்தாலும் மேடைக்காரன்.

"ஏண்டா பிக்கிள்ஸ், நீ அந்தத் தீவனத்த வாங்கித் தின்னியா?"

"நான் விளையாட்டுக்குச் சொல்லல!" என்று கத்தினேன். "இவன் பொந்துக்குள்ள தலையக்கூட விட்டதில்ல! அதோ உக்காந்திருக்கான் பாருங்க, கரி வெட்டினவன்! மூக்குல குழாயோட!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கைதட்டினார்கள். ஒருவன் விசிலடித்தான். ஆர்லிஸையும் வேடிக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். அவனும் மேடையில் நின்றவன்தானே, கைதட்டும் கூட்டத்துக்குப் பதில் தராமல் இருக்கத் தெரியாது. கையைத் தூக்கி ஆட்டிப் புன்னகைத்தான். வெர்டி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் என் வாயில் இருந்த மெழுகின் ருசி தெரிந்தது. முட்டாள். வேஷத்தைக் கலைத்துவிட்டுப் பேசவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொல்ல அந்தக் கால்சட்டையோடு போய் நின்றிருக்கிறேன்.

நிகழ்ச்சி முடிந்து பஸ்ஸில் எஸ்டில் வறுத்த பொலோனி இறைச்சி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். எனக்கு வேலை போயிற்று என்று நினைத்து ஏறினேன். போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நல்லா இருந்துச்சுடா அது" என்றான். "அதையே வச்சுக்கலாம். ஆனா அவசரப்பட்டுட்டே. நான் தொப்பியக் கழட்டினதும் ஒரு மூச்சு நிறுத்து. அப்புறம் சொல்லு."

"செவ்வாய்க்கிழமை கையெழுத்து?"

"செவ்வாய்க்கிழமை நமக்கு டென்னஸியில ஷோ இருக்கே!"

விசாரணையில் ஆர்லிஸுக்காகச் சாட்சி சொல்ல வெர்டியைத் தவிர யாரும் வரவில்லை. மனைவியின் சொல் மட்டும் போதாது என்றார்கள். அட்டை கிடைக்கவில்லை. அக்டோபரில் ஆர்லிஸ் செத்தான். மலைச்சரிவில் புதைத்தோம், எஸ்டில் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதான், உண்மையாகவே அழுதான் என்றுதான் நினைக்கிறேன். அது இன்னும் கேவலம்.

புதைத்த வாரத்துச் சனிக்கிழமை வர்ஜீனியாவில் ஒரு ஹால். பல்லில் மெழுகை ஒட்டிக்கொண்டேன். எஸ்டில் தொப்பியைக் கழற்றினான், பதினோரு வருஷம் என்றான். நான் மைக்குக்கு முன்னால் போய், ஒரு மூச்சு நிறுத்திவிட்டு அதையே சொன்னேன். அவன் சொன்னது சரிதான். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.