ஒப்புக்கொடுக்காத பிள்ளை

"வர்ற ஞாயித்துக்கிழமை ஸ்தோத்திரப் பண்டிகையில நீங்கதான் சாட்சி சொல்றீங்க, ஞானவடிவம்மா" என்றார் சபைப் போதகர் சற்குணம் ஐயர். கேட்கவில்லை, தீர்மானித்துவிட்டு வந்து சொன்னார்.

ஞானவடிவு சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பானையை நிமிர்த்தாமலே அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த அந்த வீடு அவளுடைய அண்ணன் வீடு. போன மழைக்காலத்தில் மகளைப் புதைத்துவிட்டு செமினி மலையிலிருந்து இறங்கி வந்தவள், திரும்பிப் போகாமல் இங்கேயே இருந்துவிட்டாள்.

"எதைப் பத்திச் சாட்சி, ஐயரே?"

"கிருபையைப் பத்தித்தான். பெத்த ஒரே பிள்ளையைக் காட்டு ஜனங்களுக்காகக் கர்த்தர்கிட்ட ஒப்புக்கொடுத்த தாய் நீங்க. புது உபதேசியார் எபனேசரும் சம்சாரம் ரூபியும் கைக்குழந்தையோட அடுத்த வாரம் மலைக்குப் போறாங்க. உங்க வாயால கேட்டா அந்தப் பொண்ணுக்குத் தைரியம் வரும்."

மூலையில் பெஞ்சின் நுனியில் அவளுடைய கணவர் மாசிலாமணி உட்கார்ந்திருந்தார். மூன்று வருடம் மலையில் உபதேசியாராக இருந்தவர். அவருக்கு இப்போது கிள்ளான் சபைக்கு மாற்றல் ஆகியிருந்தது. "சொல்லுவா, ஐயா" என்றார் அவர், அவளைப் பார்க்காமல்.

பானையை இறக்கிவைத்த வேகத்தில் மூடி தரையில் உருண்டது.

"ஆமா. சொல்றேன்" என்றாள் ஞானவடிவு.

ஐயர் சந்தோஷமாகப் போனார்.

ஒப்புக்கொடுத்தாளாம்! இந்தச் சொல் முதலில் அடக்க ஆராதனையில் அவள் காதில் விழுந்தது. பிறகு மாதர் சங்கத்தில். பிறகு பாசாரில் மீன் வாங்கும்போது யாரோ ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை மாதிரி ஒப்புக்கொடுக்க எனக்கு மனசு வராதும்மா" என்று கண் கலங்கினாள். அன்றைக்கு மீனை அங்கேயே போட்டுவிட்டு வந்தவள்தான். அதன் பிறகு பாசாருக்கு அண்ணியைத்தான் அனுப்பினாள்.

மலைக்குப் போனபோது அவளுக்கும் விருப்பம் இருந்தது. அதை அவள் மறைத்ததில்லை. செமினிக்கு மேலே, ரோடு முடிந்து ஆற்றை ஒட்டி ஒரு பகல் நடக்க வேண்டும். மூங்கில் வீடுகள், பழமரங்கள், மரவள்ளிக் கொல்லை. ஊரில் எல்லாரும் அந்த ஜனங்களை 'சாக்காய்' என்றுதான் சொல்வார்கள். அங்கே போன புதிதில் ஞானவடிவும் அப்படிச் சொன்னாள். அடுத்த வீட்டுச் செனாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "அது அடிமைக்குச் சொல்ற பேர். நாங்க தெமுவான்" என்றாள். அதோடு அந்தச் சொல்லை ஞானவடிவு விட்டாள்.

மகள் கிருபை தன் அம்மாவுக்கு முந்தியே அவர்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். சாம்பலில் சுட்ட கிழங்கை ஊதி ஊதித் தின்பாள். மத்தியானம் ஆனால் செனாவின் மடி, ஆறு, ஈரப் பாவாடை. மாசிலாமணி பாட்டுச் சொல்லிக் கொடுப்பார். நல்ல குரல் அவருக்கு. வேதம் கேட்க வராதவர்களும் பாட்டுக் கேட்க வந்தார்கள். செனாவின் தம்பி லாசிம் கோயில் கட்ட மரம் வெட்டிக் கொடுத்தான். ஞானஸ்நானம் வாங்கவில்லை, கேட்டால் சிரிப்பான்.

காய்ச்சல்தான் அங்கே எமன். அவர்களுக்கு முன்னே போயிருந்த உபதேசியாரும் காய்ச்சலில்தான் திரும்பினார். மிஷன் கமிட்டிக்கு அது தெரியும். "கொயினா மாத்திரை நாங்க அனுப்புறோம், நீங்க வேலையைப் பாருங்க" என்று ஐயரே சொல்லியிருந்தார். வந்தது ஒரே தடவை. அது தீர்ந்த பிறகு மாசிலாமணி கீழே போகிறவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினார். ஐயர் நேரில் வந்தபோதும் சொன்னார். "அடுத்த தடவை" என்றார் ஐயர். காஜாங்கில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் போய் நின்றால் சும்மாவே கொடுப்பார்கள் என்று ஞானவடிவு கணவரிடம் சண்டை போட்டாள். கோயில் பிரதிஷ்டை முடியும்வரை ஸ்தலத்தை விட்டு இறங்கக்கூடாது என்பது கமிட்டியின் உத்தரவு. அவர் இறங்கவில்லை. அவளையும் விடவில்லை.

பிரதிஷ்டைக்கு வெள்ளைக்கார மிஷனெரித் துரை வருவதாக ஏற்பாடு. அந்த வாரம்தான் கிருபைக்குக் காய்ச்சல் கண்டது. முதல் நாள் நடுங்கினாள். மறுநாள் தெளிந்து கிழங்கு கேட்டாள். அதற்கு அடுத்த நாள் கண் செருகியது.

செனா வந்து தொட்டுப் பார்த்தாள். "ஜாங்கான் துங்கு" என்றாள். காத்திருக்காதே. "லாசிம் தூக்கிக்கிட்டு வருவான். இப்பவே கிளம்பு."

மாசிலாமணி வாசலில் நின்றார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறு, வடிவு. கர்த்தர் மேல விசுவாசம் வை. ஐயரும் துரையும் வர்றாங்க. மருந்து கட்டாயம் கொண்டு வருவாங்க. அவங்க வர்ற நேரத்துல நாம இங்க இல்லேன்னா..."

"இல்லேன்னா என்ன?"

அவர் வாசலை விட்டு விலகவில்லை. அவள் அந்த இரவைப் பொறுத்தாள். சனிக்கிழமை விடிந்ததும், விலகுகிறாரா இல்லையா என்று பார்க்காமல் இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். லாசிம் சாரோங்கைத் தூளியாகக் கட்டிப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டான். செனா முன்னால் போனாள்.

பாதி வழியில் எதிரே ஆள் சத்தம். மூங்கில் கழியில் ஒரு பெரிய வெண்கல மணியைக் கட்டி நான்கு பேர் சுமந்து வந்தார்கள். கோயிலுக்கு மணி. பின்னால் தொப்பியோடு துரை, குடையோடு ஐயர், அதற்கும் பின்னால் விளக்கும் கேக் பெட்டியும் சுமந்த ஆட்கள்.

"ஐயரே, கொயினா!" என்று கத்தினாள் ஞானவடிவு.

ஐயர் திரும்பிச் சுமைகளைப் பார்த்தார். மருந்து வரவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. "மணி வர்ற அவசரத்துல... அடுத்த தடவை கண்டிப்பா."

துரை அருகில் வந்து இங்கிலீஷில் ஏதோ விசாரித்தார். ஐயர் பதில் சொன்னார். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு படித்தவள் ஞானவடிவு. 'ஸ்லைட் ஃபீவர்' என்ற இரண்டு வார்த்தை அவளுக்குப் புரிந்தது. கொஞ்சம் காய்ச்சலாம். துரை தலையை ஆட்டிவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். கீழே ரோடு முடியும் இடத்தில் அவருடைய மோட்டார் கார் நின்றுகொண்டிருந்தது. டிரைவருக்கு ஒரு சீட்டு, ஓடிப்போய்ச் சொல்ல ஒரு ஆள், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அதைக் கேட்க அவள் வாயைத் திறப்பதற்குள் ஐயர் பிள்ளையின் தலையில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம். நீளமான ஜெபம். மணி சுமந்தவர்களும் மணியை இறக்கிவைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார்கள். செனா மட்டும் கண்ணை மூடவில்லை. லாசிமின் முதுகைப் பிடித்துத் தள்ளினாள். ஜெபம் முடிவதற்குள் அவர்கள் நடந்துவிட்டார்கள்.

ரோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், ஆற்றுக் கல்லின் மேல், செனாவின் மடியில் கிருபை போனாள்.

மறுநாள் மேலே மணி அடித்தது. பிரதிஷ்டை நடந்தது. மாசிலாமணி பாடினார் என்று பிறகு கேள்விப்பட்டாள்.

ஐயர் சொன்ன ஞாயிற்றுக்கிழமை பட்டணத்துக் கோயில் நிரம்பி வழிந்தது. ஸ்தோத்திரப் பண்டிகை என்றால் சபை முழுக்க வந்துவிடும். பீடத்தைச் சுற்றிப் பூசணி, வாழைத்தார், கட்டிப்போட்ட சேவல். ஆராதனை முடிந்ததும் ஏலம். பின்கட்டில் அசன விருந்துக்கு ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. துரை முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் ரூபி, மடியில் தூங்குகிற குழந்தை.

ஐயர் முதலில் தானே கதையைச் சொன்னார். "காட்டுப் பாதையில் அந்தத் தாய் எங்களுக்கு எதிரே வந்தார்கள். பிள்ளையைக் கைகளில் ஏந்தி, 'இதோ, கர்த்தருக்கு' என்று ஒப்புக்கொடுத்தார்கள்..." சபையில் விசும்பல். ஞானவடிவு எழுந்து நடந்து போனாள். முக்காட்டைச் சரிசெய்யக்கூட இல்லை.

"இவர் சொன்னது பொய்" என்றாள்.

ஒரு சேவல் மட்டும் இறக்கையை அடித்துக்கொண்டது.

"நான் ஒப்புக்கொடுக்கல. பிள்ளையைக் காப்பாத்தக் கீழே ஓடி வந்தேன். கொயினா கேட்டேன். மணி கொண்டாந்தாங்க. நாலு ஆள் சுமந்த மணி! என் பிள்ளையைச் சுமந்தது நீங்க சாக்காய்னு சொல்றீங்களே, அந்த மனுசன். ஞானஸ்நானம் வாங்காதவன்."

"ஞானவடிவம்மா, போதும்" என்று ஐயர் கிட்டே வந்தார். "துக்கத்துல பேசுறாங்க. நாம ஒரு பாட்டுப் பாடி..."

"துக்கம் இல்ல ஐயரே, கோவம். கிட்ட வராதீங்க." அவள் துரையின் பக்கம் திரும்பினாள். துரைக்குத் தமிழ் தெரியாது, மலாய் தெரியும். மலைவாசம் அவளுக்கும் மலாயைக் கற்றுக்கொடுத்திருந்தது. மலாயிலேயே கேட்டாள். "துவான், அன்னிக்குப் பாதையில என் மகளுக்குச் சாகிற காய்ச்சல்னு உங்களுக்குச் சொன்னாங்களா? சொல்லியிருந்தா உங்க காரைக் கொடுத்திருப்பீங்களா?"

துரையின் கழுத்து சிவந்தது. "சாயா தீடாக் தாஹு" என்றார் மெதுவாக. தனக்குத் தெரியாது என்று. பிறகு ஐயரைப் பார்த்தார். ஐயர் வேறெங்கோ பார்த்தார்.

"ரூபி" என்றாள் ஞானவடிவு, குரலைத் தாழ்த்தாமல். "நீ போறதும் போகாததும் உன் இஷ்டம். போனா, மருந்து உன் பெட்டியில இருக்கான்னு பார்த்துட்டுப் போ. பிள்ளைக்கு உடம்பு சுட்டா யார் உத்தரவுக்கும் நிக்காதே. ஐயர் உத்தரவுக்கும் வேணாம். புருஷன் உத்தரவுக்கும் வேணாம்."

ஆண்கள் பக்கத்தில் மாசிலாமணி தலையைக் குனிந்திருந்தார். யாரோ ஆர்மோனியத்தை அழுத்த, பாட்டு தாறுமாறாகக் கிளம்பியது. அவள் நடு வழியே நடந்து வெளியே போனாள். அசனத்துக்கு நிற்கவில்லை.

அந்த வாரமே மாதர் சங்கத்திலிருந்து அவள் பெயரை எடுத்தார்கள். மன்னிப்புக் கேட்கும்வரை திருவிருந்தும் கிடையாது என்று மூப்பர் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். "யார் கேக்கணும், யார்கிட்ட?" என்று அவள் கேட்டதற்கு அவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஆனால் எபனேசரின் பெட்டியோடு ஒரு தகரம் நிறைய கொயினா போயிற்று. துரையே அனுப்பினார் என்றார்கள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கிள்ளானுக்குக் கிளம்பும் நாளில் மாசிலாமணி படலைத் திறந்துகொண்டு வந்தார். கையில் டிரங்குப் பெட்டி.

"நீயும் வா, வடிவு. கிள்ளான்ல வீடு கொடுத்திருக்காங்க."

"வரல."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "அன்னிக்கு நான் பயந்துட்டேன். துரை வர்ற நேரத்துல ஆள் இல்லேன்னா வேலையை எடுத்துடுவாங்கன்னு பயந்துட்டேன். விசுவாசம்னு உனக்குச் சொன்னேன். அது பயம்தான்."

"தெரியும்."

"மன்னிக்க மாட்டியா?"

"அன்னிக்கே பயம்னு சொல்லியிருந்தா உங்க பயத்தையும் சேர்த்துத் தூக்கிக்கிட்டு நடந்திருப்பேன். கர்த்தர் பேரைச் சொல்லித்தானே வாசல்ல நின்னீங்க? போங்க. ரயிலுக்கு நேரமாச்சு."

அவர் போனார். அவள் அழவில்லை. அன்று பூராவும் அண்ணியிடம் எரிந்து விழுந்தாள். சாயங்காலம் அதற்காக அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த மழை தொடங்கியபோது ரூபி வந்தாள். திடுதிப்பென்று, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரொம்ப இளைத்துப்போய். பின்னால் லாசிம், வாசலுக்கு வெளியே கூச்சத்தோடு நின்றான். ஞானவடிவு அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தாள்.

"அக்கா, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சு" என்றாள் ரூபி. "மாத்திரை கொடுத்தும் நிக்கல. வாந்தி எடுத்துட்டான். அவர் ஜெபம் பண்ணிட்டுப் பார்ப்போம்னாரு. நான் நிக்கல அக்கா. செனா அக்கா கூப்பிட்டாங்க, இந்த அண்ணன் தூக்கிக்கிட்டாரு, நடந்துட்டோம். செமினியில ஒரு சீனர் லோரியில ஏத்திக்கிட்டாரு. அன்னிக்கு ராத்திரியே காஜாங் ஆஸ்பத்திரி. ஊசி போட்டாங்க. பொழைச்சுட்டான். நீங்க சொல்லலேன்னா நான் நின்னிருப்பேன்."

"நல்ல காரியம் பண்ணினே" என்றாள் ஞானவடிவு. மனசாரத்தான் சொன்னாள். குழந்தையை வாங்கி மார்பில் சாய்த்துக்கொண்டாள். காய்ச்சல் விட்டு உடம்பு குளிர்ந்திருந்தது. அது அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டது.

ஒரு பகல் நடை. ஒரு லோரி. ஒரு ஊசி. யாரும் எதையும் ஒப்புக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இவ்வளவுதானா? இவ்வளவு சுலபமாகவா இருந்தது?

உள்ளே அந்தக் கோபம் திரும்பவும் பற்றிக்கொண்டது. கோயிலில் நின்றபோதுகூட அது இப்படி எரியவில்லை. பிள்ளையைப் பிடித்திருந்த பிடி இறுகியது. பயந்து குழந்தை அழுவதற்குள், அதைத் தாயிடம் கொடுத்துவிட்டு, லாசிமுக்குச் சோறு போட அடுப்படிக்குப் போனாள்.